பொதுச்சொத்து விலைக்கு வரும்போது

நகராண்மைக் கழகம் ஒன்று தனக்கு வேண்டாத நிலத்தையோ, பழைய மார்க்கெட்டுக் கட்டடத்தையோ, ஓட்டம் நின்றுபோன லாரிகளையோ விற்கப்போகிறது என்ற செய்தி காதில் விழுந்ததும், நம்மவரில் பலர் கேட்கும் முதற் கேள்வி, "யாரைப் பார்க்கலாம்?" என்பதாகும். கடைத்தெரு வியாபாரத்தில் அது சரியான கேள்விதான். பொருளுக்குரியவரைக் கண்டு, பேசி, விலை முடித்து, முன்பணம் கொடுத்துவிட்டால் காரியம் முடிந்தது. ஆனால் பொதுச்சொத்து விஷயத்தில் அந்தக் கேள்வியே நம்மைத் தவறான வாசலில் கொண்டுபோய் நிறுத்துகிறது. அங்கே கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. விற்க அதிகாரம் பெற்றவர் யார்? எந்த முறைப்படி விற்கிறார்? நம் கையில் வந்து சேர்வது என்ன? இம்மூன்றையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அடிப்படை ஒன்றே. கடைக்காரர் தம் சரக்குக்கு உடைமையாளர். நகராண்மைக் கழகத்தின் தலைவரோ, உறுப்பினரோ, நில அலுவலக அதிகாரியோ தாம் விற்கும் பொருளுக்கு உடைமையாளர் அல்லர். ஊராரின் அமானிதத்தைக் காப்பவர். அமானிதம் காப்பவர் தம் விருப்பப்படி விலை குறைக்கவும் முடியாது. வேண்டியவருக்குத் தனியே கொடுக்கவும் முடியாது. வாய்ச்சொல்லால் பிறரைக் கட்டுப்படுத்தவும் முடியாது. பொதுச்சொத்து விற்பனையில் நாம் சலித்துக்கொள்ளும் விளம்பரம், விண்ணப்பம், டெண்டர், காத்திருப்பு ஆகிய யாவும் இந்த ஒரு காரணத்திலிருந்தே பிறந்தவை. இதை மனத்தில் இருத்திக்கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

விற்பவர் யார்?

மலேசியாவில் உள்ளாட்சி மன்றங்கள் 1976ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டத்தின்கீழ் இயங்குகின்றன. அச்சட்டம் ஒவ்வொரு மன்றத்தையும் சட்டப்படி ஒரு தனி நபராகப் பாவிக்கிறது. மன்றம் வழக்குத் தொடுக்கலாம். அதன்மீது வழக்குத் தொடுக்கலாம். சொத்து வாங்கலாம், வைத்திருக்கலாம், விற்கலாம். இதைக் கேட்டவுடன், "அப்படியானால் ஊரில் மன்றத்தின் பராமரிப்பில் இருக்கும் நிலமெல்லாம் மன்றம் விற்கத்தக்கதுதானே" என்று எண்ணிவிடக்கூடாது. பலர் சறுக்கி விழும் இடம் இதுவே.

நாட்டின் அரசியலமைப்புப்படி நிலம் மாநிலங்களின் அதிகாரத்தில் அடங்கியது. 1966ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்த தேசிய நிலச் சட்டம், தீபகற்ப மலேசியாவில் எவருக்கும் வழங்கப்படாத நிலம் முழுவதும் மாநில அதிகாரத்தையே சாரும் என்று கூறுகிறது. (சபாவுக்கும் சரவாக்குக்கும் வேறு நிலச் சட்டங்கள் உண்டு. பினாங்கிலும் மலாக்காவிலும் பழைய பட்டாக்களைப் பற்றிய தனிச் சட்டம் ஒன்றும் இருக்கிறது.) ஆகவே ஊர் நடுவில் மன்றம் புல் வெட்டி, விளக்குப் போட்டு, வேலியடைத்துப் பராமரிக்கும் நிலம் மூன்று வகையில் ஒன்றாக இருக்கலாம்.

முதல் வகை, மன்றத்தின் பெயரிலேயே பட்டா பதிவாகியுள்ள நிலம். கிராண்டு என்று நாம் சொல்கிறோமே, அதில் உரிமையாளர் பெயராக மன்றத்தின் பெயர் இருக்கும். இதை மன்றம் விற்கலாம். ஆனால் கிராண்டில் எழுதியுள்ள நிபந்தனைகளுக்கு உட்பட்டே விற்கலாம். மாநில அதிகாரத்தின் சம்மதமின்றிக் கைமாற்றக்கூடாது என்ற கட்டுப்பாடு அதில் இருந்தால், அச்சம்மதம் வரும்வரை விற்பனை நிறைவேறாது.

இரண்டாம் வகை, ஒரு பொதுக் காரியத்திற்கென ஒதுக்கப்பட்ட நிலம். மார்க்கெட்டு, திடல், மயானம், அலுவலகம் முதலியவற்றுக்காக அரசாங்க கெஜட்டில் அறிவித்து ஒதுக்கியது. இது மன்றத்தின் பராமரிப்பில் இருந்தாலும் மன்றத்தின் சொத்தாகிவிடாது. ஒதுக்கீடு நிலைத்திருக்கும்வரை இந்நிலத்தைப் பிறருக்குப் பட்டா செய்து கொடுக்க இயலாது. கொடுக்க வேண்டுமானால் முதலில் ஒதுக்கீட்டை ரத்துச் செய்யவேண்டும். அப்படி ரத்துச் செய்வதற்கு முன் அந்த யோசனையைக் கெஜட்டில் வெளியிட்டு, நாளும் இடமும் குறித்து, மாநில நில இயக்குநர் விசாரணை நடத்தவேண்டும் என்று நிலச் சட்டத்தின் 64ஆம் பிரிவு கூறுகிறது. ஆட்சேபம் உள்ளவர்கள் அங்கே சொல்லலாம். நம் கடைக்கு எதிரேயுள்ள பொதுத்திடல் கைமாறுகிறது என்றால், நாம் வாங்குபவராக இருந்தாலும் ஆட்சேபிப்பவராக இருந்தாலும், கவனிக்க வேண்டிய நாள் அந்த விசாரணை நாளே.

மூன்றாம் வகை, ஒதுக்கீடும் இல்லாமல், பட்டாவும் இல்லாமல் கிடக்கும் மாநில நிலம். இதில் மன்றத்திற்கு விற்பனை அதிகாரம் கிடையாது. விண்ணப்பம் நில அலுவலகத்திற்கே போகவேண்டும். முடிவு செய்வது மாநில அதிகாரம்.

ஆகவே மன்றத்துப் பிரமுகர் ஒருவர், "அந்த மூலை நிலம் நம்முடையதுதான், பார்த்துக்கொள்ளலாம்" என்று கூறினால், அவர் பொய் சொல்கிறார் என்பதில்லை. அவருக்கே வகை தெரியாமல் இருக்கலாம். நில அலுவலகத்தில் சிறு கட்டணம் செலுத்தி அதிகாரபூர்வத் தேடல் செய்து பார்த்தால், பட்டாவான நிலம் யார் பெயரில் இருக்கிறது, என்ன நிபந்தனை, என்ன தடை என்பன எழுத்தில் கிடைக்கும். ஆயிரக்கணக்கான வெள்ளியைப் பணயம் வைப்பதற்குமுன் அச்சிறு செலவைத் தவிர்ப்பது சிக்கனம் ஆகாது.

கைக்கு வருவது என்ன?

"நிலம் கிடைத்துவிட்டது" என்று நம்மவர் மகிழ்ச்சியோடு கூறும்போது, கிடைத்தது எது என்று விசாரித்தால் பதில் பலவிதமாக வரும். பட்டா, குத்தகை, தற்காலிகக் குடியிருப்பு உரிமம் ஆகிய மூன்றுக்கும் உள்ள வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசமாகும்.

பட்டா என்பது மாநில அதிகாரம் நிலத்தையே வழங்குவது. அது நிரந்தரமாக இருக்கலாம். அல்லது 99 ஆண்டுகளுக்கு மேற்படாத காலவரையறை உடையதாக இருக்கலாம். காலவரையறைப் பட்டாவில் மீதியுள்ள ஆண்டுகளே உண்மையான சரக்கு. 1966இல் 99 ஆண்டுகளுக்கு வழங்கப்பட்ட நிலம் 2065இல் முடிவுறும். 2025இல் அதை வாங்கியவர் 40 ஆண்டுகளைத்தான் வாங்கினார். அவர் மகன் அதன்மேல் வங்கிக் கடன் கேட்கப்போகும் நாளில் இன்னும் குறைவாகவே இருக்கும்.

குத்தகை என்பது ஒதுக்கீட்டு நிலத்தில் கிடைக்கக்கூடியது. அந்நிலத்தின் பொறுப்பதிகாரி, மாநில அதிகாரத்தின் ஒப்புதலுடன், 21 ஆண்டுகளுக்கு மேற்படாமல் கொடுக்கலாம். தவணை முடிந்தபின் புதுப்பித்துத் தரும் கடமை தானாக ஏற்படுவதில்லை. ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால்தான் பேச இடமுண்டு.

தற்காலிகக் குடியிருப்பு உரிமத்தை நாம் டி.ஓ.எல். என்று வழங்குகிறோம். சாப்பாட்டுக்கடை முற்றம், ஒட்டுக்கடை, பழைய இரும்புக் கிடங்கு எனச் சிறு வியாபாரங்கள் பல இதன்மேல் நிற்கின்றன. பொதுவாக அந்த ஆண்டின் இறுதியோடு இது முடிந்துவிடும், ஆண்டுதோறும் புதுப்பிக்கவேண்டும். அதை விட முக்கியமானது, இதனைப் பிறருக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. உரிமம் பெற்றவர் காலமானால் உரிமமும் அத்துடன் முடிவுறும். தந்தை முப்பது ஆண்டுகள் ஒழுங்காகப் பணம் கட்டி வந்த இடம் மக்களுக்கு வாரிசுச் சொத்தாக வராது. அப்படிப்பட்ட இடத்தின்மேல் செங்கல் சுவர் எழுப்பி, பெருந்தொகை செலவிட்டு, "எல்லாம் நம்முடையது" என்று நம்பியிருப்பது குடும்பத்தாருக்குச் செய்யும் நன்மையன்று. அதுபோலவே, ஒருவர் தம் டி.ஓ.எல். இடத்தை நமக்கு "விற்கிறேன்" என்றால், அவர் விற்கக் கூடியது அங்கே எதுவும் இல்லை என்பதை அறிக.

"நெடுங்காலம் அனுபவித்து வந்தோம், ஆகையால் உரிமையுண்டு" என்ற வாதமும் இங்கே செல்லாது. மாநில நிலத்தின்மீது அனுபவ பாத்தியதை எழாது என்று நிலச் சட்டம் தெளிவாகவே கூறுகிறது. பேராக் மாநிலத்தில் காட்டைத் திருத்திக் குடியேறிய நூற்றுக்கணக்கான விவசாயிகள் மாநில அரசாங்கத்தின்மீது தொடுத்த சிடேக் வழக்கில், அனுமதியின்றிக் குடியேறியவர்களுக்குச் சட்டப்படியும் நியாயப்படியும் உரிமை இல்லை என்று 1982இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர்கள் சிந்திய வியர்வை பொய்யன்று. ஆயினும் அரசாங்க நிலத்தில் உரிமை எழுத்திலிருந்து வருகிறதேயன்றி உழைப்பிலிருந்து வருவதில்லை.

ஒப்புதல் வேறு, பட்டா வேறு

இன்னும் நுட்பமான ஒரு விஷயம் உண்டு. விண்ணப்பம் செய்தோம், மாநில ஆட்சிக்குழுவில் ஒப்புதலும் கிடைத்துவிட்டது, கடிதமும் வந்துவிட்டது. நிலம் நம்முடையதுதானே என்றால், இன்னும் இல்லை. பட்டா ஆவணம் பதிவான பிறகே நிலம் வழங்கப்பட்டதாகும் என்றும், அதுவரையில் ஒப்புதல் இருந்தபோதிலும் அது மாநில நிலமாகவே இருந்து வரும் என்றும் 78ஆம் பிரிவு கூறுகிறது.

ஒப்புதலுக்கும் பதிவுக்கும் இடையில் ஒரு படி இருக்கிறது. நில அலுவலகம் 5ஏ என்னும் பாரத்தை அனுப்பும். நிலத்துக்குரிய பிரிமியம், முதலாண்டு நிலவரி, அளவைக் கட்டணம், பதிவுக் கட்டணம் முதலியன எவ்வளவு, எந்த நாளுக்குள் கட்டவேண்டும் என்பன அதில் காணப்படும். அந்நாளைத் தவற விட்டால், பெற்ற ஒப்புதலே காலாவதியாகிவிடும். "தவணை கேட்டுக்கொள்ளலாம்" என்று கடைத்தெருப் பழக்கத்தில் அசட்டையாக இருந்துவிடுவது ஆபத்து. ஒப்புதல் வருமுன்பே பணத்துக்கு வழி செய்து வைத்துக்கொள்வதும், பாரம் வந்த தேதியைக் கணக்குப் புத்தகத்தில் குறித்து வைப்பதும் அறிவுடைமை.

ஒப்புதல் கடிதத்தைக் காட்டி, "எனக்குக் கிடைத்த நிலத்தில் பாதியை உமக்குத் தருகிறேன், இப்போதே பங்கு கொடும்" என்று கேட்போரும் உண்டு. தம் பெயரில் இன்னும் வராத நிலத்தை எப்படிப் பங்கு போடுவது? அத்தகைய பேச்சு வந்தால் வழக்கறிஞரிடம் போகும்வரை பணப்பெட்டியைத் திறக்கவேண்டாம்.

சிங்கப்பூரிலிருந்து ஜொகூரில் சொத்துத் தேடும் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. மலேசியக் குடிமகன் அல்லாதாரும் வெளிநாட்டுக் கம்பெனிகளும் நிலம் பெறுவதற்கு மாநில அதிகாரத்தின் முன் அனுமதி வேண்டும். விற்பவர் மன்றமாக இருந்தாலும் தனியாராக இருந்தாலும் இந்த விதி பின்தொடர்ந்தே வரும்.

சிங்கப்பூரின் முறை

சிங்கப்பூரில் நிலைமை வேறு. 1951இல் நகர அந்தஸ்துப் பெற்ற ஊரில் இருந்த நகர மன்றத்தின் பணிகளை, 1959க்குப் பின் அரசாங்கமும் அதன் வாரியங்களும் ஏற்றுக்கொண்டன. இன்று அங்கே நிலம் விற்கும் உள்ளாட்சி மன்றம் கிடையாது. நகர மன்றங்கள் என்ற பெயரில் இப்போது இருப்பவை வீடமைப்புப் பேட்டைகளின் பொது இடங்களைப் பராமரிப்பவை. அவை கட்டடத்தையோ நிலத்தையோ விற்பதில்லை.

அரசாங்க நிலம் பெரும்பாலும் 99 ஆண்டுக் குத்தகையாகப் பகிரங்க டெண்டர் மூலம் விற்கப்படுகிறது. இம்முறை 1967இல் தொடங்கிய நில விற்பனைத் திட்டத்தின் வழியாக வளர்ந்தது. பீப்பிள்ஸ் பார்க் காம்ப்ளெக்ஸ், கோல்டன் மைல் காம்ப்ளெக்ஸ் ஆகிய இரு பெரிய கட்டடங்களும் அத்திட்டத்தில் விற்கப்பட்ட நிலங்களில் எழுந்தவையே. இன்று ஆண்டுக்கு இருமுறை அரசாங்கம் தன் நில விற்பனைப் பட்டியலை வெளியிடுகிறது. உறுதிப் பட்டியலில் உள்ள நிலங்கள் குறித்த காலத்தில் டெண்டருக்கு வரும். 2001இல் ஏற்பட்ட இருப்புப் பட்டியலில் உள்ளவை, யாரேனும் ஒருவர் அரசாங்கம் ஏற்கத்தக்க குறைந்தபட்ச விலையைத் தர உறுதி கூறினால்தான் பொதுவாக டெண்டருக்கு விடப்படும். அப்படி விலை கூறியவருக்கே நிலம் போய்விடாது, எல்லாரும் போட்டியிடலாம். அமானிதத்தின் நியாயம் இதிலும் விளங்குகிறது.

சிறு வியாபாரிக்கு நெருங்கியது வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் கடைகள். 1990களில் வாடகைக்கு இருந்த வியாபாரிகளுக்கே பல கடைகளைக் கழகம் விற்றது. பின்னர் அத்திட்டம் நிறுத்தப்பட்டது. அன்று வாங்கியவர் கடையை விற்கலாம். வாடகைக்காரர் விற்க முடியாது. பக்கத்துப் பக்கத்துக் கடைகளே ஆயினும் ஒன்று சொத்து, மற்றொன்று வாடகை. "கடை கைமாறுகிறது" என்ற விளம்பரத்தைப் பார்த்ததும் எது எது என்று முதலில் கேட்டறியவேண்டும்.

குறைந்த விலைக்குக் கொடுக்கலாமா?

பொதுச்சொத்தை எப்போதும் உயர்ந்த விலைக்கே விற்கவேண்டுமா? பள்ளிக்கூடம், பள்ளிவாசல், சங்கக் கட்டடம் ஆகியவற்றுக்கும் சந்தை விலைதானா? நம் சங்கங்கள் அடிக்கடி எழுப்பும் கேள்வி இது.

நம் முன்னோர் வரலாற்றிலேயே இதற்கு உதாரணங்கள் உள. பினாங்கில் கப்பித்தான் கெளிங் காதர் முகையதீன் அவர்களுக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியின் லெப்டினண்டு கவர்னர் சர் ஜார்ஜ் லீத், பள்ளிவாசலுக்கென 18 ஏக்கர் நிலத்தை 1801இல் வழங்கினார். சிங்கப்பூர் தெலுக் ஆயர் தெருவில் நாகூர் தர்கா எழுந்த நிலம், அங்கே மரமும் அத்தாப்பும் கொண்டு கட்டக்கூடாது என்ற நிபந்தனையோடு 1827இல் குத்தகையாக வழங்கப்பட்டது. பொது அதிகாரம் சலுகை காட்டும்போது அதனுடன் ஒரு நோக்கத்தையும் ஒரு நிபந்தனையையும் சேர்த்தே கொடுக்கிறது என்பதை இவ்விரண்டும் காட்டுகின்றன. இன்றும் அப்படித்தான். சலுகைப் பிரிமியத்தில் பெற்ற நிலத்தில் குறித்த உபயோகத்தை விட்டு வேறு உபயோகம் செய்தால், நிபந்தனை மீறலாகி, நிலம் பறிமுதலாகும் நிலைக்கும் வரக்கூடும். சங்க நிலத்தில் கடைகள் கட்டி வாடகைக்கு விட எண்ணும் நிர்வாகிகள் கிராண்டின் நிபந்தனையை முதலில் வாசிக்க.

நோக்கமும் நிபந்தனையும் இல்லாமல் மலிவாகக் கொடுத்தால் என்ன நேரும் என்பதற்கு இங்கிலாந்தில் நடந்த ஒன்று பாடமாக இருக்கிறது. நம் நாட்டு உள்ளாட்சி முறை அங்கிருந்து வந்ததாதலால் அதை இங்கே கூறுவது பொருந்தும். அந்நாட்டின் 1972ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டம், குறுகிய காலக் குத்தகை நீங்கலாக, நியாயமாகக் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த விலைக்குக் குறைத்து நிலத்தை மன்றங்கள் விற்கலாகாது என்றும், குறைக்க வேண்டுமானால் அமைச்சரின் சம்மதம் வேண்டும் என்றும் விதிக்கிறது. அப்படியிருந்தும் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் நகர மன்றம், பராமரிப்புச் செலவைத் தவிர்க்கும் பொருட்டு, 1987இல் மூன்று மயானங்களை ஒன்று 5 பென்ஸ் வீதம் மொத்தம் 15 பென்சுக்கு விற்றுவிட்டது. மயானங்களோடு சேர்ந்த பெறுமதியுள்ள சொத்துகளும் கைமாறின. பின் மயானங்கள் பராமரிப்பின்றிச் சீர்கெட்டன. உறவினரை அங்கே அடக்கம் செய்திருந்தவர்கள் கொதித்தெழுந்தனர். முறையீட்டு அதிகாரி மன்றத்தின்மேல் குற்றம் கண்டார். 1992இல் மயானங்களை மன்றம் திரும்ப வாங்கியது. ஆனால் விலைமதிப்புள்ள மற்ற சொத்துகள் அதே 15 பென்சுக்குத் திரும்பி வரவில்லை. செலவு மிச்சம் என்று கணக்கிட்டவர்கள் சொத்தின் மதிப்பைக் கணக்கிடவில்லை. அமானிதம் காப்பவர் விலை விசாரிக்காமல் விற்றால் நஷ்டம் அவருக்கன்று, ஊருக்கே.

முறை தவறினால் வாங்கியவருக்கும் நஷ்டம்

"முறை தவறியது அவர்கள் குற்றம், பணம் கட்டிய எனக்கென்ன?" என்று ஒருவர் கேட்கலாம். கோலாலம்பூரில் நடந்த வழக்கு அதற்கு விடை கூறும்.

தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் பகுதியில் தாமான் ரிம்பா கியாரா என்னும் பூங்கா உள்ளது. கோலாலம்பூர் அமைப்புத் திட்டத்தில் அது பொதுத் திறந்தவெளியாகக் காட்டப்பட்டிருந்தது. அதில் ஏறத்தாழ 12 ஏக்கர், கூட்டரசுப் பிரதேச அறநிறுவனம் ஒன்றின் பெயருக்கு வழங்கப்பட்டு, தனியார் கம்பெனி ஒன்றுடன் கூட்டாக அங்கே அடுக்குமாடிகள் கட்ட ஏற்பாடாயிற்று. மாநகராட்சி 2017 ஜூலையில் கட்டட வளர்ச்சி அனுமதியும் கொடுத்தது. அக்கம்பக்கத்தார் வழக்குத் தொடுத்தனர். மாநகராட்சித் தலைவர் அதே அறநிறுவனத்தின் பொறுப்பாளர் குழுவிலும் இருந்தாரே என்ற கேள்வியும் எழுந்தது. உயர்நீதிமன்றத்தில் குடியிருப்பாளர்கள் தோற்றனர். மேல்முறையீட்டு நீதிமன்றம் 2021இல் அனுமதியை ரத்துச் செய்தது. 2023 ஏப்ரல் 18ஆம் நாள் கூட்டரசு நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதிப்படுத்தியது. சட்டப்படி வெளியிட்ட அமைப்புத் திட்டத்தை மாநகராட்சி விருப்பம்போல் ஒதுக்கிவிட முடியாது; விலகினால் காரணம் கூறவேண்டும் என்பது அதன் சாரம்.

இவ்வழக்கில் மற்றொரு பக்கமும் உண்டு. அத்திட்டத்தில் மலிவு வீடுகளும் அடங்கியிருந்தன. பழைய புக்கிட் கியாரா தோட்டத்தில் உழைத்த தொழிலாளர் குடும்பங்கள், நிரந்தர வீடு கிடைக்கும் என்ற வாக்குறுதியை நம்பி, பல்லாண்டுகளாகத் தற்காலிக வரிசை வீடுகளில் காத்திருந்தனர். அவர்களின் வீடும் அவ்வனுமதியோடு பிணைக்கப்பட்டதால், அனுமதி வீழ்ந்தபோது அவர்கள் காத்திருப்பும் நீண்டது. நிலம் பெற்ற நிறுவனம், கட்ட வந்த கம்பெனி, வீடு எதிர்பார்த்த ஏழைகள், பூங்காவைக் காத்த குடியிருப்பாளர் ஆகிய அனைவருமே ஆறாண்டு காலத்தை நீதிமன்றத்தில் செலவிட்டனர். தொடக்கத்தில் முறை சரியாக இருந்திருந்தால் இது நேர்ந்திராது. ஆகவே முறையைக் கவனிப்பது விற்பவர் கடமை மட்டுமன்று, வாங்குபவருக்குத் தற்காப்பு.

அசையும் பொருள்கள்

நிலத்தைவிட நம் வியாபாரிகளுக்கு அடிக்கடி எதிர்ப்படுவது பழைய வாகனம், இயந்திரம், மேசை நாற்காலி, இரும்புக் கழிவு முதலியன. மலேசிய அரசாங்கப் பொருள்களைக் கழிப்பதற்குக் கருவூல விதிகள் உள்ளன. உள்ளாட்சி மன்றங்களும் பெரும்பாலும் அவற்றை ஒட்டியே நடக்கின்றன. முறை இதுதான்: பொருளைப் பரிசோதிக்கும் குழு பார்த்து அறிக்கை கொடுக்கும். வாகனம், இயந்திரம் போன்றவற்றுக்குத் தொழில்நுட்ப அதிகாரியின் சான்றும் வேண்டும். அதிகாரம் பெற்றவர் ஒப்புதல் அளித்தபின், டெண்டர், விலைப்புள்ளி, ஏலம் ஆகியவற்றுள் ஒன்றால் விற்பர், அல்லது வேறு இலாகாவுக்கு மாற்றுவர், அன்பளிப்பாகக் கொடுப்பர், பயனற்றதாயின் அழிப்பர்.

டெண்டரில் விலை முத்திரையிட்ட உறைக்குள் இருக்கும், ஒருமுறைதான் சொல்லலாம். லெலோங் என்னும் ஏலத்தில் எதிரே நின்று ஏற்றிக்கொண்டே போகலாம். இரண்டிலும் பொருள் "இருந்தபடியே, இருந்த இடத்திலேயே" விற்கப்படும். வாங்கியபின் எஞ்சின் இல்லை, கியர் இல்லை என்று முறையிட இடமில்லை. பார்வையிடக் குறித்த நாளில் மெக்கானிக்குடன் நேரில் போய்ப் பார்ப்பது இன்றியமையாதது. குறித்த நாளுக்குள் பணம் கட்டி எடுத்துச் செல்லாவிட்டால் முன்பணமும் போய்விடும்.

விலை எழுதுமுன் கணக்கை எதிரிலிருந்து பின்னோக்கிப் போடவேண்டும். உதாரணத்திற்கு ஒரு பழைய லாரியை எடுத்துக்கொள்வோம். உதிரிப்பாகமும் இரும்பும் சேர்ந்து 12,500 வெள்ளிக்குப் போகும் என்று மதிப்பிடுகிறோம். இழுத்துவரும் கூலியும் கிரேன் கூலியும் 1,000. பிரிக்கும் ஆள் கூலி 900. நமக்கு வேண்டிய இலாபம் 1,500. கழித்தால் நிற்பது 9,100. அதுவே நம் எல்லை. ஏல மைதானத்தில் எதிராளியின் முகத்தைப் பார்த்து 10,000 என்று கூவிவிட்டால், வென்றது ஏலம். போனது இலாபத்தில் 900. பழைய இரும்பு வாங்கி விற்பவர் 1946ஆம் ஆண்டின் பழைய பொருள் வியாபாரிகள் சட்டப்படி உரிமம் வைத்திருக்க வேண்டும் என்பதையும் மறக்கலாகாது.

ஏலத்தில் நாணயம்

வாங்கும் எண்ணமே இல்லாமல் பிறரை ஏமாற்றுவதற்காக விலையை ஏற்றிவிடுவதை "நஜ்ஷ்" என்று கூறி, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். அதற்கு எதிரான மோசமும் உண்டு. போட்டியிடுவோர் முன்கூட்டியே இரகசியமாகக் கூடி, "இம்முறை நீர் எடும், நாங்கள் விலை ஏற்றமாட்டோம், அடுத்தமுறை எங்களுக்கு" என்று பங்கு போட்டுக்கொள்வது. பழகிய தொழிலில் இது நட்புப் போலத் தோன்றும். ஆனால் குறைந்த விலையால் கொள்ளை போவது ஊராரின் பணம். 2012 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள மலேசியாவின் 2010ஆம் ஆண்டு போட்டிச் சட்டம் இதனைத் தடை செய்கிறது. மீறிய நிறுவனத்துக்கு அதன் உலகளாவிய விற்றுமுதலில் 10 சதவீதம்வரை அபராதம் விதிக்க இடமுண்டு. சிங்கப்பூரிலும் இது சட்டவிரோதமே. மூலதனம் போதாத இருவர் கூட்டுச் சேர்ந்து, ஒளிவுமறைவின்றி, ஒரே பெயரில் ஒரே விண்ணப்பமாகப் போடுவது வேறு. தனித்தனி உறைகளில் ஒரே சதியை எழுதிப் போடுவது வேறு.

சுருக்கமாக நினைவில் வைக்க வேண்டியவை

1. நிலமாயின் அதிகாரபூர்வத் தேடல் செய்து, உரிமையாளர் மன்றமா, மாநிலமா, ஒதுக்கீடா என்று அறிக.

2. ஒதுக்கீட்டு நிலமாயின், ரத்து அறிவிப்பும் விசாரணையும் நடந்தனவா என்று கேட்க.

3. கிடைப்பது பட்டாவா, குத்தகையா, டி.ஓ.எல்.லா என்று எழுத்தில் பெறுக. மீதி ஆண்டுகளை எண்ணுக.

4. நிபந்தனையும் கட்டுப்பாடும் நம் தொழிலுக்கு இடம் கொடுக்கின்றனவா என்று வாசிக்க. உபயோகத்தை மாற்ற வேண்டுமானால் திட்ட அனுமதி தனியே வேண்டும்.

5. பணத்தை அரசாங்கக் கணக்கில் மட்டுமே கட்டி, ரசீது பெறுக. தனி ஆள் கையில் கொடுத்த பணத்துக்கு அரசாங்கம் பொறுப்பன்று. அதைக் கொடுத்தவரே இலஞ்சக் குற்றத்துக்கு ஆளாகவும் கூடும்.

6. பட்டா பதிவாகும்வரை கட்டடம் கட்டவோ, பங்கு விற்கவோ முற்படாதிருக்க.

இவற்றில் ஒன்றும் பெரிய படிப்பு வேண்டிய காரியமன்று. அறிவிப்புப் பலகையையும் நாளிதழையும் மன்றத்தின் இணையத்தளத்தையும் வாரம் ஒருமுறை பார்க்கக்கூடிய இளைஞர் ஒருவர் ஒவ்வோர் ஊர்ச் சங்கத்திலும் இருந்து, வரும் டெண்டர்களையும் கெஜட்டு அறிவிப்புகளையும் உறுப்பினர்களுக்குத் தெரிவித்துவந்தால், யாரைப் பார்க்கலாம் என்று அலைய வேண்டிய தேவையே இராது. உரிய நாளில் உரிய பாரத்தை நிரப்பிக் கொடுக்கும் சிறு வியாபாரிக்கும், பெரிய கம்பெனிக்கும் அந்த மேசையில் ஒரே விதிதான். அவ்விதியை அறிந்து பயன்பெற நம் வணிகப் பெருமக்கள் முன்வருவார்களாக.